விளக்கா, லைனா

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததுமே மோகனன் சார் லூயிசாவிடம் ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட்டார். ஹெல்கா 'நான்' என்று பேசினால் லூயிசாவும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் 'அவங்க இப்படிச் சொல்லுதாங்க' என்று இழுத்துக்கொண்டிருந்தால் கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய்விடும்.

"நீ பேசியதா ஆளுகளுக்குத் தோணப்பிடாது, கேட்டியா. மேடம் பேசியதா தோணணும்."

லூயிசா தலையாட்டினாள். உதியன்குளங்கரையில் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளுக்கு அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தி அவளுக்கே நாக்கு மரத்துப் போயிருந்தது. மோகனன் நெய்யாற்றின்கரையில் ஒரு சேவை நிறுவனம் நடத்துகிறவர். புகையில்லாத அடுப்பு, சாண எரிவாயு என்று ஊர் ஊராகப் போவார். இந்தக் காரியம் நல்லபடி முடிந்தால் லூயிசாவுக்குத் தன் ஆபீஸிலேயே நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார். அவளை அவர் தேடி வந்ததற்குக் காரணம் இங்கிலீஷ் மட்டுமல்ல. ஜீப் போய்க்கொண்டிருந்த தாழம்பொழி அவள் பிறந்த ஊர். காரோடு பஞ்சாயத்தின் கடலோரத்தில், கரண்டுக் கம்பம் வராத கடைசித் துண்டு.

முந்தின டிசம்பரில் ஜப்பானில் உலக நாடுகளெல்லாம் கூடி, புகையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டிருந்தன. யார் குறைப்பது, பணக்கார நாடா ஏழை நாடா என்று பத்திரிகைகளில் இன்னும் தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. ஹெல்கா அந்தப் பணக்கார நாடுகளில் ஒன்றிலிருந்து வந்தவள். வெயிலைப் பிடித்து பாட்டரியில் வைத்து ராத்திரி எரிகிற சோலார் விளக்கை ஒரு ஊர் முழுக்க இலவசமாகக் கொடுக்க அவளுடைய நாட்டு நிதி ஒன்று முன்வந்திருந்தது. ஐம்பது வயதை ஒட்டிய, நெடுநெடுவென்று வளர்ந்த பெண். திருவனந்தபுரத்தில் வாங்கிய பருத்திச் சுடிதார் அவளுக்கு முழங்காலைத் தாண்டவில்லை. வழியில் தென்பட்ட ஒவ்வொன்றையும் என்ன என்று கேட்டாள். கேட்டதை மறக்காமல் சொல்லியும் பார்த்துக்கொண்டாள். லூயிசாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பிறகு நடந்ததெல்லாம் இதனால் இன்னும் சிக்கலாயிற்று.

பள்ளி ஹாலில் கூட்டம். ஊர்க் கமிட்டித் தலைவர் ஈசாக் மாலை போட்டு வரவேற்றார். பெண்கள் தரையிலும் ஆண்கள் சுவர் ஓரமாக நின்றும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லூயிசாவின் அண்ணன் பயஸ் கதவருகில் கைகட்டி நின்றான். தங்கச்சி மேடையில் நிற்பதில் அவனுக்கு இருந்த பெருமை முகத்தில் தெரிந்தது.

"நான் உங்ககிட்ட படிக்க வந்திருக்கேன்," என்று லூயிசா ஹெல்காவுக்காகச் சொன்னாள்.

"எங்ககிட்ட என்னத்தப் படிக்க?" என்றாள் முன்வரிசையில் இருந்த செல்லபாய். தலைச்சுமடாக மீன் விற்கிறவள். யார் பேசினாலும் நடுவில் ஒரு வார்த்தை போடாவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. ஹால் சிரித்தது.

"எங்க நாட்டுல நாங்க ரொம்ப எரிக்கியோம். காரு, ஹீட்டரு, எல்லாம். அதுனால உலகம் சூடாவுது. கடலு மேல ஏறுது. நீங்க எரிக்கியது கொஞ்சமாக்கும். நீங்க வாழுத வாழ்க்க உலகத்துக்கு ஒரு மாதிரி."

"மாதிரின்னா?" பயஸ் கதவருகிலிருந்தே கேட்டான். "கரண்டு இல்லாம இருக்கியதா?"

மறுபடி சிரிப்பு. ஹெல்கா என்னவென்று கேட்க, லூயிசா அதையும் சொன்னாள். ஹெல்காவும் சிரித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு ஹெல்கா அடுத்ததைச் சொன்னாள். உங்கள் மின்சார அதிகாரிகளிடம் கேட்டோம். அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த ஊருக்கு லைன் இழுக்கிற திட்டம் இல்லை என்றார்கள். அதனால்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். லைன் வரப்போகிற ஊருக்கு இந்த விளக்கு கிடையாது. விளக்கு வாங்கிக்கொண்டால் வெளிச்சம் கிடைத்துவிட்ட ஊர் என்று அரசாங்கமும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

சொல்லிவிட்டு லூயிசாவைப் பார்த்துக் காத்திருந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கம்பம் நாட்டுவார்கள் என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சொல்லி, ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பயஸ் புதிதாகக் கட்டிய வீட்டில் ஒயரிங் வேலை முழுவதும் முடித்து வைத்திருந்தான். அது இல்லை என்று இந்த ஹாலில் முதன்முதலாகச் சொல்லப்போவது அவள் வாய். அதுவும் 'நான்' என்று.

பக்கத்தில் நின்ற மோகனன் சிரித்த முகம் மாறாமல், உதடு அசையாமல், அதை விட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மலையாளத்தில் சொன்னார். "லூயிசா, ஆ காரியம் விட்டேக்கு. பின்ன பறயாம்."

"லைனுக்குத் தூரமா இருக்க ஊருகளுக்காக்கும் இந்தத் திட்டம்," என்றாள் லூயிசா.

பொய்யில்லைதான். ஹால் கைதட்டியது. ஹெல்கா கை கூப்பினாள். நாளைக் காலையில் கூடி, ஊர் சம்மதத்தைச் சொல்லிவிடலாம் என்று ஈசாக் முடித்து வைத்தார்.

ஹெல்காவும் மோகனனும் அன்று பாறசாலையில் தங்கப் போனார்கள். லூயிசா அண்ணன் வீட்டில் இருந்துகொண்டாள். பயஸின் வீடு கடல் சுவருக்கு மேல்பக்கம், ரோட்டை ஒட்டி இருந்தது. எல்லா அறையிலும் ஸ்விட்ச் இருந்தது. படுக்கை அறையில் இரண்டு பக்கமும் போட வேண்டும் என்று பயஸின் மனைவி, மைனி டெல்னா அடம்பிடித்துப் போட வைத்திருந்தாள். கரண்டு வருவதற்கு முன்பே அவற்றில் சுண்ணாம்பு தெறித்துவிட்டதென்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"மொதல்ல ஒரு மிக்ஸி. தேங்கா அரச்சு எனக்க தோளு போச்சு."

"விளக்கும் வாங்குவோம், லைனும் வரும்," என்றான் பயஸ். சோற்றைப் பிசைந்துகொண்டே தங்கச்சியைப் பார்த்தான். "ரெண்டும் கெடச்சா கசக்கவா செய்யும்? நீ என்ன பிள்ளே ஒண்ணும் தின்னாம இருக்க?"

"வயிறு செரியில்ல."

அவள் கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். சொல்லிவிடலாம் என்று திரும்பிக் கதவுவரை போனாள். உள்ளே டெல்னா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபடி இறங்கி நடந்தாள்.

கடல் சுவருக்குக் கீழே மணலில் ஒரு வரிசை ஓலைக் குடில்கள். கடல் எடுக்க எடுக்க நகர்ந்து நகர்ந்து அந்த இடத்துக்கு வந்து நின்றவை. பட்டா கிடையாது. செல்லபாயின் குடில் நடுவில் இருந்தது. வாசலில் குந்தியிருந்து சிம்னி விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா மக்கா. நாளைக்கு அந்த மதாம்மைக்க கையில ஒரு முத்தம் கொடுக்கப் போறேன். நீயே சொல்லிக் கொடு, அது அவங்க ஊருல மரியாததானான்னு."

லூயிசா மணலில் உட்கார்ந்தாள். செல்லபாய் சொல்லிக்கொண்டே போனாள். விடியுமுன் ஏலத்துக்குப் போக வேண்டும். காற்றில் விளக்கு நிற்காது. போன மழைக்கு முன்னே பக்கத்துக் குடில் விளக்கு சாய்ந்து எரிந்தது. அன்றிலிருந்து விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கண் மூடப் பயம்.

"லைன் வந்தா இந்தப் பயமெல்லாம் போயிருமே அக்கா," என்றாள் லூயிசா, எங்கேயாவது ஒரு பிடி கிடைக்குமா என்று.

"லைனு." செல்லபாய் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "எனக்கக் கல்யாணத்துக்கு முன்னயே வரும்னாக்கும் சொன்னது. இப்ப எனக்க மவளுக்கக் கல்யாணமும் கழிஞ்சு. நாளைக்குக் கையில வாற சாதனம் விட்டுட்டு நான் எதுக்குக் கம்பத்துக்கு வாய் பாத்து நிக்கணும்?"

லைன் வராது என்பதை நாளைக்குச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அண்ணன் விளக்கை வேண்டாமென்பான், இவளுக்கு விளக்கு போகும். சொல்லாவிட்டால் மேலே உள்ளவர்கள் தெரியாமலே லைனைக் கைகழுவுவார்கள். சொல்லாமல் இருப்பதில்தான் தன் வேலையும் இருக்கிறது என்பது நடுவில் வந்து நின்றது. அதை நினைத்ததும் எழுந்துகொண்டாள். அன்றைக்கு அவளால் ஒரு இடத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பாயில் படுத்துப் புரண்டு, விடிந்ததும் முதல் ஆளாக ஹாலுக்குப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றாள்.

கூட்டம் தொடங்கியதும் ஈசாக் எழுந்து, சம்மதமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். செல்லபாயின் கை முதலில் போயிற்று.

"ஒரு நிமிசம்," என்றாள் லூயிசா. "நேத்து இவங்க சொன்னதுல ஒண்ண நான் சொல்லாம விட்டுட்டேன்."

மோகனன் அவள் கையைத் தொட்டார். அவள் விலகி நின்று, முந்தின நாள் விட்டதை முழுக்கச் சொன்னாள். பத்து வருஷம் என்றதும் ஹால் அடங்கிப் போயிற்று. பயஸ் கதவருகிலிருந்து நடுவுக்கு வந்தான்.

"நேத்து எதுக்குச் சொல்லல்ல?"

"பயந்துபோய்ச் சொல்லல்ல."

"யாருக்குப் பயந்து? ஊருக்கா, வேலைக்கா?"

அதற்குள் ஹெல்கா என்ன நடக்கிறது என்று கேட்டாள். மோகனன் முந்திக்கொண்டு, நன்றி சொல்கிறார்கள் என்றார். லூயிசா இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னாள். தான் விட்டதையும், யார் விடச் சொன்னார் என்பதையும். ஹெல்கா மோகனனைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துக் கூட்டத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். கேட்கிறதைக் கேட்கட்டும் என்றாள்.

அதன் பிறகு நடந்ததுதான் கூட்டம். ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார்கள். எல்லாம் லூயிசாவின் வாய் வழியாகப் போய் வந்தது.

"இந்த விளக்குல மிக்ஸி ஓடுமா?" டெல்னா கேட்டாள்.

"ஓடாது. ரெண்டு விளக்கு எரியும். ஒரு ரேடியோ பாடும்."

"ஐஸ் பெட்டி?"

"ஓடாது."

"பின்ன எங்களுக்கு அவங்க தாறது வெளிச்சம். கரண்டு இல்ல," என்றான் பயஸ். "மேடத்துக்க வீட்டுல இந்த ரெண்டு விளக்குதான் உண்டா? கேளு."

லூயிசா கேட்டாள். ஹெல்கா ஒளிக்கவில்லை.

"இல்ல. எனக்க வீட்டுல எல்லாம் உண்டு. ஆனா எல்லா நாட்டுக்காரரும் எங்கள மாதிரி எரிச்சா பூமி தாங்காது."

"அப்ப நீ குறச்சுக்கோ," என்றான் பயஸ், லூயிசாவைப் பார்த்து. "நீ எரிச்சதுக்கு நாங்க எதுக்கு இருட்டுல இருக்கணும்? நல்லா தின்னு முடிச்சிட்டு எனக்க இலைய எடுக்கியதா?"

"நான் ஒத்துக்கிடுதேன். இத எங்க நாட்டுலயும் சொல்லிப் பாத்தேன். யாரும் கேக்கல்ல."

"எது நீ ஒத்துக்கிடுத?"

"நான் இல்ல அண்ணே. அவங்க."

யாரும் சிரிக்கவில்லை. பயஸின் முகத்தில் இருந்த கோபம் ஹெல்காவுக்கானதா தனக்கானதா என்று லூயிசாவுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. நேற்று அவள் மறைத்தது, இன்று அவள் சொன்னது, வெள்ளைக்காரி சொன்னது எல்லாம் ஒரே வாயிலிருந்துதான் வந்திருந்தன.

செல்லபாய் எழுந்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஹெல்காவுக்கு நேரே நின்றுகொண்டு தமிழிலேயே பேசினாள்.

"கடலு ஏறுதுன்னு நீங்க சொல்லி எனக்குத் தெரிய வேண்டாம். எனக்கக் குடில அது ரெண்டு தடவ எடுத்தாச்சு. மூணாவதும் எடுக்கும். எடுக்கிய வரைக்கும் எனக்கு வெளிச்சம் வேணும். விளக்கத் தாங்க. நான் வாங்குவேன்." பிறகு பயஸிடம் திரும்பினாள். "உனக்கு சுவத்துல ஸ்விட்ச் உண்டு. எனக்கு சுவரே இல்ல. நீ எனக்கும் சேத்து வேண்டாம்னு சொல்லாத."

"வாங்கினா ஊருக்கே லைன் போச்சு. பத்து வருசம் கழிஞ்சு எனக்கப் பிள்ளைங்க உன்னையா கேக்கும், என்னையா கேக்கும்?"

"வேணுங்கிற வீட்டுக்கு மட்டும் கொடுக்க முடியுமா?" லூயிசா தானாகவே ஹெல்காவிடம் கேட்டாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை.

முடியாது என்றாள் ஹெல்கா. பணம் கொடுக்கிறவர்கள் முழு ஊரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பாதி ஊர் விளக்கில் இருந்து, பாதி ஊர் லைனுக்குப் போராடினால் அவர்கள் கணக்கு நிற்காது. அதைச் சொல்லும்போது ஹெல்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈசாக் கை தூக்கச் சொன்னார். சுவருக்குக் கீழே உள்ளவர்கள் விளக்குக்குத் தூக்கினார்கள். மேலே உள்ளவர்கள் லைனுக்கு. மேலே உள்ளவர்கள்தான் அதிகம்.

மூவரும் ஜீப்பில் திரும்பினார்கள். உதியன்குளங்கரையில் லூயிசாவை இறக்கிவிடுகையில் மோகனன் சொன்னார். "இனி நான் விளிச்சா மட்டும் வந்தா மதி." அவர் கூப்பிடப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. ஹெல்கா இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னதற்கு நன்றி. நேற்றே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்," என்றாள் இங்கிலீஷில்.

லூயிசா அதற்கும் தலையாட்டினாள்.

விளக்குகள் கிழக்கே மலையடிவாரத்தில் வேறொரு ஊருக்குப் போயின. தாழம்பொழிக்காரர்கள் மின்சார ஆபீஸுக்குப் போய்க் கேட்டார்கள். திட்டம் இல்லை என்பது உண்மைதான் என்று அங்கேயும் தெரிந்தது. அந்த வாரமே பயஸும் ஊர்க்காரர்களும் உதியன்குளங்கரை ஜங்ஷனில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். களியக்காவிளை போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. டுட்டோரியல் மாடி ஜன்னலிலிருந்து லூயிசா பார்த்தாள். போலீஸ் வந்து ஆட்களைத் தூக்கி வேனில் ஏற்றியது. அண்ணன் மேலே பார்க்கவில்லை. அவள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கீழே ஓடினாள். அதற்குள் வேன் போய்விட்டது. அன்று முழுவதும் வகுப்பறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஆனால் காரியம் நடந்தது. பத்திரிகையில் போட்டோ வந்தது, சட்டசபையில் கேள்வி வந்தது, தாழம்பொழியின் பெயர் திட்டத்தில் ஏறியது. மழைக்காலம் கழிந்து லாரியில் கம்பங்கள் வந்து இறங்கின. டெல்னா ஆள் அனுப்பினாள். லூயிசா போனபோது, பகல் வெளிச்சத்திலேயே வீட்டில் எல்லா பல்பும் எரிந்துகொண்டிருந்தது. மிக்ஸி சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. பயஸ் அவளிடம் நேராகப் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. அன்று ஒரு தட்டில் தேங்காய்ச் சட்டினியும் தோசையும் வைத்து அவள் முன்னால் தள்ளினான்.

"தின்னு. வயிறு செரியில்லன்னு சொல்லாத."

அவள் சாப்பிட்டாள். மனசு நிறைந்துதான் இருந்தது. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது கடைசிக் கம்பத்தைப் பார்த்தாள். அது அண்ணன் வீட்டு மதிலோரம் நின்றது. அதற்கப்பால் கடல் சுவர். சுவருக்குக் கீழே ஒரு கம்பமும் இல்லை.

செல்லபாய் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவளோடு பேசியதே இல்லை. பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். லூயிசா தோசை வாசம் போகாத கையோடு கீழே இறங்கிப் போனாள். செல்லபாய் நெத்திலியைக் கழுவிப் பரத்திக்கொண்டிருந்தாள்.

"நீ அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்க வீட்டுல இந்நேரம் விளக்கு எரியும்."

"செரிதான், அக்கா."

"உனக்க அண்ணன் ஜெயிச்சான். நல்லது. நான் அவனுக்கு வேண்டியும் ரோட்டுல இருந்தேன், தெரியுமா? போலீஸ்காரி எனக்கக் கூடையத் தட்டிவிட்டா." நிமிர்ந்து பார்த்தாள். "இருந்தேனா இல்லையான்னு கேளு அவன்கிட்ட."

லூயிசாவுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. மணலில் நின்றபடியே, நாளைக்கு ஆபீஸுக்குப் போவோம், நானும் வாறேன் என்றாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். ஆபீஸர் நல்லவராகத்தான் பேசினார். கடல் எடுக்கிற இடத்தில் கம்பம் நாட்டினால் அது அடுத்த மழையில் கடலோடு போகும், அதற்கு அனுமதி கிடைக்காது என்றார். லூயிசா மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்தாள். செல்லபாய் அவளைக் கையமர்த்தினாள். "எனக்கு மலையாளம் தெரியும். நீ இரி," என்று சொல்லிவிட்டு ஆபீஸரிடம் தானே பேசினாள். மனுசி இருக்கிற இடத்தில் கம்பம் இருக்காதா என்று கேட்டாள். கூடையோடு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். மீன் வாடை உள்ளே போயிற்று. லூயிசாவுக்குப் பதினொரு மணி வகுப்பு இருந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், ரோட்டைப் பார்த்தாள். கடைசியில் வகுப்பை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரம் கழிந்து ஆபீஸர் வெளியே வந்தார். கம்பம் முடியாது. ஆனால் கடைசிக் கம்பத்திலிருந்து, அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால், அவர் மதிலில் இரும்புக் குழாய் நிறுத்தி அங்கிருந்து குடில்களுக்கு ஒயர் இழுக்கலாம். வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும்.

பயஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. காற்றில் ஒயர் அறுந்து தன் பிள்ளைகள் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்றான். அது நியாயமான கேள்விதான். ஆனால் அவன் சொல்லும்போது லூயிசாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"செல்லபாய் ரோட்டுல இருந்தாளா அண்ணே?"

"இருந்தா."

"எனக்கிட்ட நீ சொல்லல்ல."

அவன் வலையின் ஈயக்குண்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து மிக்ஸி நின்றது. டெல்னா வாசலில் வந்து நின்றாள்.

"எழுதிக் கொடும்," என்றாள். "நமக்கு மதில் மேல ஒரு குழாய். அவங்களுக்கு ஒரு வீடு வெளிச்சம். இதுல ஆலோசிக்க என்ன இருக்கு?"

அவன் எழுதிக் கொடுத்தான். தன் கையாலேயே குழாய்க்குக் குழி தோண்டினான். ஒயர்மேன் வந்த அன்று அவன் ஏணியையும் பிடித்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் செல்லபாய் லூயிசாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். ஓலைக் கூரையின் நடுவில் ஒற்றை பல்பு தொங்கியது. வோல்டேஜ் இல்லாமல் பழுப்பாக எரிந்தது. இருந்தாலும் குடிலின் நாலு மூலையும் தெரிந்தன. செல்லபாய் தன் வீட்டை அப்போதுதான் பார்க்கிறவள்போல் ஒவ்வொரு மூலையாகப் பார்த்து, "இவ்வளவு அழுக்கா இஞ்ச," என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பல்பு அணைந்தது. மேலே பயஸின் வீடும் இருண்டது. அந்த மழையில் அணைக்கட்டு நிறையவில்லையென்று அந்த வாரம் முதல் சாயங்காலம் அரைமணி நேரம் பவர்கட். செல்லபாய் தடவித் தீப்பெட்டியை எடுத்துச் சிம்னியைக் கொளுத்தினாள். மண்ணெண்ணெய்ப் புகை எழுந்தது.

"மக்கா, அந்த மதாம்மைக்க விலாசம் உன்கிட்ட உண்டா?"

"உண்டு. என்னத்துக்கு?"

"எழுது. ஒரு விளக்கு மட்டும் போதும்னு எழுது. லைன் உண்டு, ஆனா இல்லன்னு எழுது."

"லைன் வந்த ஊருக்குத் தரமாட்டாங்க அக்கா. அன்னைக்கே சொன்னாங்களே."

"அன்னைக்கு விளக்கா லைனான்னு மட்டும்தானே எல்லாரும் கேட்டீங்க. ரெண்டும் வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல்லயே."

லூயிசா சிரித்துவிட்டாள். செல்லபாய் சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்று புரிந்ததும் லூயிசாவின் சிரிப்பு நின்றது. எழுதுகிறேன் என்றாள். காப்பியை முடித்துவிட்டு எழுந்தாள்.

ரோட்டுக்கு ஏறும்போதே இங்கிலீஷில் முதல் வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் வேண்டும் என்பதை எப்படிச் சொன்னால் அந்த நாட்டில் பேராசை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று யோசித்தாள். ஒரு வரி சரியில்லை என்று அழித்தாள். அடுத்தது கெஞ்சுவதுபோல் இருந்தது. அதையும் அழித்தாள். தூரத்தில் பஸ் வெளிச்சம் தெரிந்தது. கை காட்ட மறந்து நின்றிருந்தவளைத் தாண்டிப் போய் பஸ் கொஞ்ச தூரத்தில் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, வாறியா இல்லையா என்று கேட்டார். வாறேன் என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள்.